முப்பத்தாறு இடுக்கு, முப்பத்திரண்டு உருவம்

ஜூன் 4

அண்ணிக்கு,

நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பத்துப் பேர் முன்னால் நாத்தனாரின் மூக்கை உடைத்தவருக்கு நலத்தில் என்ன குறைச்சல்?

எழுதச் சொன்னது அண்ணன்தான். "போன்ல நீங்க ரெண்டு பேரும் ஹலோ சொல்லி முடிக்கறதுக்குள்ள சண்டை வந்துடும். எழுதிக்கோங்க. ஸ்டாம்ப் ஒட்டறதுக்குள்ள பாதி கோபமாவது ஆறும். நடுவுல என்னைத் தூது விடாதீங்க" என்றான். எனக்குக் கால்வாசிகூட ஆறவில்லை. நீங்கள் அவனிடம் கதையை உங்கள் பாட்டுக்குச் சொல்லியிருப்பீர்கள் என்பதால், நடந்ததை என் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காட்சிக்கூடத்தில் படச்சக்கரக் கண்காட்சி வரப்போகிறது என்று விண்ணப்பம் போட்டது நீங்கள். சினிமா வருவதற்கு அறுபது வருஷம் முன்னாலேயே படத்தை ஓடவைத்த தட்டுகளும் உருளைகளும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும், இன்றைக்கு அவற்றைப் புதிதாகச் செய்கிறவர்களின் வேலை நடுக்கூடத்தில் நிற்கும் என்றீர்கள். சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, சுற்றிலும் கறுப்புத் தகட்டைச் சுவர் மாதிரி நிறுத்தி, ஒவ்வொரு ஸ்போக்குக்கும் நேராக ஓர் இடுக்கு வெட்டினீர்கள். உள்ளே நிற்க உருவங்கள் வேண்டும் என்று என்னைக் கேட்டீர்கள். நான் நாலு மாதம், வேலை முடிந்து வந்த சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து, மூன்று விரல் உயரத்தில் ஓர் ஓட்டக்காரியைச் செய்தேன். அவள் ஓடுகிறாள், தடுக்கி விழுகிறாள், எழுகிறாள், மறுபடி ஓடுகிறாள். ஓர் உருவத்துக்கும் அடுத்ததற்கும் நூலளவுதான் வித்தியாசம். சக்கரம் சுற்றும்போது இடுக்கு வழியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே பெண்ணாகி உயிரோடு ஓட வேண்டும்.

ஜூன் முதல் தேதி பரிசோதனைக்காகக் கூடத்தில் வைத்துச் சுற்றினோம். ஓடினாள். கால் முன்னால் போயிற்று, உடம்பு பின்னால் நழுவிற்று. கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் "என்ன இது, பின்னாடி போறாளே" என்று சிரித்தார். நீங்கள் சக்கரத்தை நிறுத்தி, குனிந்து, விரல் விட்டு எண்ணிவிட்டு, கூடமே கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "என் சக்கரத்துல ஒரு குறையும் இல்ல. முப்பத்தாறு இடுக்குக்கு முப்பத்திரண்டு பொம்மை வெச்சிருக்கா. இவ எப்பவும் இப்படித்தான், யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டா."

எத்தனை வேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை, அண்ணி. இருபது வருஷமாக நான் பல்செட் செய்கிறேன். என் அச்சுத் தட்டில் மேலே பதினாறு குழி, கீழே பதினாறு குழி. பல்செட்டில் ஞானப்பல் வைப்பதில்லை என்றாலும் தட்டு முழு வாய்க்குத்தான். தட்டு நிறைந்தால் வேலை முடிந்தது என்பது என் கைக்கு ஊறிப்போன பழக்கம். அத்தனை பேர் முன்னால் நீங்கள் அப்படிச் சொன்னதற்காகத்தான் உருவங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். இருபத்துநாலாம் தேதி மறுபரிசோதனை என்கிறார்கள். சக்கரம் உங்களிடம் இருக்கிறது, உருவம் என்னிடம் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 8

நுணுக்கிக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம், உன் பட்டப்பெயருக்கு ஏற்றபடி நுணுக்கி நுணுக்கி. பல் செய்கிறவளுக்கு இவ்வளவு பல்லைக் கடிக்கத் தெரியும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

எத்தனை என்று நான் சொல்லவில்லைதான். சைக்கிள் சக்கரம் என்றால் முப்பத்தாறு ஸ்போக். இதைக்கூடவா ஒருத்தி ஒருத்திக்குச் சொல்வாள்? கைக்கு ஐந்து விரல் என்று நீ எனக்கு எழுதி அனுப்புவாயா? என் கடைக்கு வருகிற எந்த ஆளையும் கேள். ஸ்போக் எத்தனை என்று கேட்டால் உன்னை ஏற இறங்கப் பார்ப்பான்.

உன் பக்கத்தைப் படித்ததும் உன் அண்ணன் "ரெண்டு பேர்லயும் தப்பு இருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷமாக மின்தூக்கி பழுது பார்க்கிறவர், வீட்டிலும் அதே மாதிரி மேலுக்கும் கீழுக்கும் நடுவிலேயே நிற்கிறார். நான் அவருக்கு அன்றைக்கு டீ போடவில்லை.

பத்துப் பேர் முன்னால் சொன்னது தப்பு. அதைச் சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்ன விஷயம் சரிதான். சக்கரத்தில் தலைமயிர் அளவு கோட்டம் கிடையாது. பென்சில் முனையை ரிம் பக்கத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்துத்தான் கொண்டுபோனேன். நான் பெண்டு எடுத்த சக்கரம் ஆடியதாக இந்தத் தெருவில் ஒருவர் சொல்லட்டும், நாளைக்கே கடையைச் சாத்திவிடுகிறேன்.

இப்போது வேலைக்கு வருவோம். முப்பத்தாறு இடுக்கு நிற்கிறது. உன்னிடம் முப்பத்திரண்டு இருக்கிறது. இன்னும் நாலே நாலு பொம்மை. அதைச் செய்து அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. கையில் வராது என்றால் வராது என்று சொல்லிவிடு, நான் வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒன்றும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

"கையில் வராது என்றால்" என்ற மூன்று வார்த்தையைப் படித்துவிட்டு மேசையை இரண்டு தடவை துடைத்தேன். அழுக்கு எதுவும் இருக்கவில்லை.

நாலு கூட்டினால் போதாது. அவள் ஓடி விழுந்து எழுவதை முப்பத்திரண்டு பங்காகப் பிரித்திருக்கிறேன். நடுவில் நாலைச் செருகினால் அந்த நாலு இடத்திலும் வெட்டி வெட்டி இழுக்கும். முப்பத்தாறு வேண்டுமானால் முதல் உருவத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். உங்களுக்கோ ஒரு ரிம், நடுவில் ஒரு ஹப், சுற்றி ஒரு தகடு மாற்றினால் முடிந்தது. முப்பத்திரண்டு ஸ்போக் சக்கரமும் உலகத்தில் உண்டு என்று அண்ணன் சொல்கிறான். ரேஸ் வண்டிக்குப் போடுவார்களாமே. ஒருவேளை உங்களுக்குக் கைப்பழக்கம் முப்பத்தாறில் மட்டும்தானோ என்னவோ. அதில் ஒன்றும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி எழுதுவது சண்டைக்காக அல்ல.

பரிசோதனை அன்றைக்குச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தேன். "செய்தவர்" என்ற இடத்தில் உங்கள் சைக்கிள் கடையின் பெயர் மட்டும் இருந்தது. எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் கத்துவதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன். எனக்கு உள்ளே எரிந்தது அங்கேதான். வெளியே தெரிந்த சண்டை அப்புறம் வந்தது.

என் வேலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். நான் செய்வது நன்றாக இருந்தால் அது இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது. பல்செட் என்று தெரிந்துவிட்டால் நான் தோற்றேன். யாரோ சிரிக்கிறார்கள், யாரோ கடித்துச் சாப்பிடுகிறார்கள், அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை, என் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை. இருபது வருஷம். பார்ப்பதற்காகவே நான் செய்த முதல் பொருள் இந்த ஓட்டக்காரி. அது அந்த நடுக்கூடத்தில் நிற்க வேண்டும், என்னுடையது என்று தெரிய வேண்டும். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

கூடத்தில் கொடுத்த சிறு புத்தகத்தைப் பேருந்தில் படித்தேன். நூற்றுத்தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர், இரண்டு ஊரில், ஒருவரை ஒருவர் அறியாமல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுழலும் தட்டைச் செய்திருக்கிறார்கள். தட்டைக் கண்ணாடி முன் பிடித்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். அடுத்த ஓரிரு வருஷத்திலேயே ஒரு கணக்கு ஆசிரியர், பலபேர் சுற்றி நின்று பார்க்கும் உருளையை யோசித்துச் சொன்னார். முப்பது வருஷம் அதை யாரும் சீந்தவில்லையாம். பிறகுதான் வீட்டுக்கு வீடு பொம்மையாக விற்றிருக்கிறது. அந்த முப்பது வருஷத்தை நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 14

நுணுக்கிக்கு,

உன் பெட்டியை எண்ணிப் பார். முப்பத்தொன்றுதான் இருக்கும். அன்றைக்கு நீ வாரிப் போட்டுக்கொண்டு போன வேகத்தில் ஒன்று என் கருவிப்பைக்குள் விழுந்திருக்கிறது. நேற்று ஸ்பேனர் தேடும்போது கையில் தட்டுப்பட்டது. அவள் ஒரு முழங்காலை ஊன்றி எழுகிற உருவம்.

இதற்கு முன்னால் நான் உன் பொம்மைகளை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. எண்ணத்தான் எண்ணினேன். ஈறு நிறத்தில் ஒரு பெண் என்று உன் அண்ணனிடம் கிண்டல்கூடப் பண்ணினேன். நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கக்கத்தில் ஓர் உறையை இடுக்கிக்கொண்டிருக்கிறாள். முழங்காலில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு வைத்திருக்கிறாய்.

அடிப்பாவி. அது நான்தானே.

நீ பல் வேலை படிக்கக் கிளம்பிய காலையில் சான்றிதழ் உறையை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாய். பேருந்து நகர்ந்துவிட்டது. நான் ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடி ஜன்னல் வழியாக உன் மடியில் போட்டேன். கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. அதை நீ ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்லை. மறந்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

தாளில் என் கடைப் பெயர் மட்டும் போட்டது தப்பு. படிவத்தில் செய்தவருக்கு ஒரு வரிதான் இருந்தது, எழுதிவிட்டேன். இரண்டு வரியாக எழுதத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். தோன்றவில்லை. அதுதான் உண்மை, அதைவிட அழகான காரணம் என்னிடம் இல்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் முப்பத்திரண்டு எனக்குக் கைவராது என்று எழுதினாய் பார், அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அண்ணி


ஜூன் 20

நுணுக்கிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், தபால் எடுக்கிற நேரம்.

முடித்துவிட்டேன். ரேஸ் ஓட்டுகிற வாடிக்கையாளர் ஒருவரைப் பிடித்து முப்பத்திரண்டு ஓட்டை ரிம்மும் ஹப்பும் வாங்கினேன். பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் புதுத் தகடு வெட்டினேன். இடுக்குகளைச் சமமாகக் குறிப்பது எப்படி என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் சுற்றளவுக்கு ஒரு காகித நாடா வெட்டி, பாதியாக, மறுபடி பாதியாக, ஐந்து தடவை மடித்தேன். முப்பத்திரண்டு. முப்பத்தாறைவிட இதுதான் எளிது. இத்தனை வருஷம் எவன் இந்த முப்பத்தாறைக் கண்டுபிடித்தான் என்று இப்போது கோபம் வருகிறது.

நான் இதுவரை ஸ்போக் பின்னிய சக்கரங்களிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. கையெடுத்தால் தானாக நாலு நிமிஷம் சுற்றுகிறது. யாருக்குக் கைவராது என்று இனிமேல் யோசித்து எழுது.

உன் முப்பத்தொன்றையும் அப்படியே அனுப்பு. ஒன்றையும் தொடாதே. மிச்சம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீயும் வந்தால் நன்றாக இருக்கும். வா என்று கூப்பிடுகிறேன், கூப்பிடவில்லை என்று நாளைக்குச் சொல்லாதே.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

இந்தக் கடிதம் பொட்டலத்துக்கு உள்ளேயே இருக்கும். உள்ளே முப்பத்தாறு ஓட்டக்காரிகள். ஆம், முப்பத்தாறு. எண்ணிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்த வேலை.

பத்து நாள் விடுப்பு எடுத்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. மேலாளர் எனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டார். ஒரு பந்தயம் என்றேன். பழையவற்றைத் தொடவில்லை, எல்லாமே புதிது. மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, வேகவைத்து, மெருகேற்றி வரிசையாக நிறுத்தியபோது என்னிடம் இருக்கும் பழைய முப்பத்தொன்றும் கரடுமுரடாகத் தெரிந்தன. இவள் விழும்போது பாவாடை விளிம்புகூட ஒரு கணம் பிந்தித்தான் விழுகிறது. முதல் தடவை அது எனக்கு வரவில்லை. கோபத்தில் கை நன்றாக ஓடுகிறது, உங்களுக்கு நன்றி.

ஆம், அது நீங்கள்தான். மறக்கவில்லை. பேருந்தின் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீங்கள் முன்னால் ஓட ஓட, பின்னால் போய்க்கொண்டே இருந்தீர்கள். ஜூன் முதல் தேதி அந்தச் சக்கரத்தில் எல்லோரும் சிரித்தார்களே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நான் பார்த்தது அப்படியேதான் இருந்தது. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. அதற்கப்புறம் நீங்கள் எப்படி ஜன்னலுக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உறை என் மடியில் இருந்தது, அவ்வளவுதான். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் பேருந்து திரும்பிவிட்டது. பிறகு சொன்னால் தாமதமாகச் சொன்னதாக ஆகிவிடும் என்று சொல்லாமலே விட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. நன்றி, அண்ணி.

மறுபரிசோதனைக்கு நான் வரவில்லை. மறுபடியும் யாராவது சிரித்தால் என்னால் அங்கே நிற்க முடியாது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 25

நுணுக்கிக்கு, என் கண்ணே, என் தலைவலியே,

நேற்று நடந்ததை உட்கார்ந்து கேள்.

பொட்டலம் காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்தது. பிரிக்காமல் அப்படியே காட்சிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். சக்கரத்தை அதன் இடத்தில் பொருத்திவிட்டுப் பிரித்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். உன் அண்ணனை எண்ணச் சொன்னேன். அவர் எண்ணி முடித்து, உன் கடிதத்தையும் படித்துவிட்டு, கூடத்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தார் பார், காவலாளி ஓடி வந்து "ஐயா, என்னாச்சு" என்று கேட்கிற அளவுக்கு. முப்பத்திரண்டாக மாற்றிவிட்டேன் என்று நான் எழுதிய கடிதம் அந்நேரம்தான் உன் வீட்டுக் கதவடியில் வந்து விழுந்திருக்கும். உனக்கு நாலு தடவை போன் செய்தேன். வேலை நேரத்தில் போனைப் பூட்டிவைக்கிற பழக்கத்தை நீ விடுப்பிலும் விடவில்லை.

முப்பத்திரண்டு இடுக்கு, முப்பத்தாறு உருவம். பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மாள் வந்துவிடுவார்.

"நாலை எடுத்துட்டு வெச்சிடலாமே" என்றார் உன் அண்ணன். எந்த நாலை? வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். பாவாடை விளிம்பைப் பார்த்தேன். நல்ல வாயிலிருந்து நாலு பல்லைப் பிடுங்கச் சொல்கிறாரே என்று அவர்மேல் பாய்ந்தேன். முப்பத்தாறும் நிற்கும், சிரித்தால் சிரிக்கட்டும், என் நாத்தனார் செய்ததில் ஒன்றைக்கூட எடுக்க மாட்டேன் என்றேன். முப்பத்தாறு இடம் சமமாகக் குறிக்கப் பழைய ரிம் வேண்டும், அதன் ஓட்டைகளைப் பார்த்துக் குறிக்கலாம். அது கடையில் இருக்கிறது. உன் அண்ணன் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஆணாகப் பிறந்தவர் ஒருவர் இவ்வளவு அவலட்சணமாக ஓட முடியும் என்பதும் தெரியாது. ஆனால் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

குறித்து, ஒட்டி, நிமிர்ந்தபோது அந்த அம்மாள் வாசலில் நிற்கிறார். கூட நாலைந்து பேர். சக்கரத்தில் கையை வைத்தேன். சுற்றிவிட்டேன்.

அவள் ஓடினாள். முன்னால் ஓடினாள், கேட்டாயா, முன்னால். சக்கரம் சுற்றுகிற பக்கமே மெதுவாக நகர்ந்து நகர்ந்து, வட்டத்தைச் சுற்றியே ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், இன்னும் ஓடினாள். அந்த அம்மாள் ஓர் இடுக்கில் கண்ணை வைத்தார். அவள் நகர நகர, தவறவிடக்கூடாது என்று அவரும் கூடவே நகர ஆரம்பித்தார். அப்படியே ஒரு முழுச் சுற்று நடந்தார். பின்னால் வந்தவர்களும் நடந்தார்கள். நான் எண்ணினேன், எனக்கு வேறென்ன தெரியும். சக்கரம் ஒன்பது சுற்றுச் சுற்றுவதற்குள் அவள் ஒரு வட்டம் முடிக்கிறாள். அதற்குள் எட்டு தடவை விழுந்து எட்டு தடவையும் எழுகிறாள்.

பிறகு அந்த அம்மாள் விளக்கினார். இடுக்கும் உருவமும் சமமாக இருந்தால் உருவம் நின்ற இடத்திலேயே ஓடும். உருவம் குறைந்தால் சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் நழுவும். அதிகமானால் சக்கரத்தோடு சேர்ந்து முன்னால் போகும். பழைய தட்டுக்காரர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்களாம். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் அப்படி ஒரு தட்டே இருக்கிறது, இடுக்கைவிடப் படம் ஒன்று கூடுதல். காட்டினார்.

இனி வருவதை மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. "போன தடவையே பொம்மைங்களை மறுபக்கம் திருப்பி ஒட்டியிருந்தா போதும்மா. அவ நழுவற பக்கம் மூஞ்சியைத் திருப்பினா முன்னாடி ஓடற மாதிரி ஆயிடும். சொல்லத்தான் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் கத்தின கத்துல என்னை யாரு பேச விட்டீங்க?" என்றார்.

மூன்று வாரம்! அரை மணி நேர வேலைக்கு! உன் அண்ணன் மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

ஆனால் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. திருப்பி ஒட்டியிருந்தால் என் நல்ல சக்கரம் பிறந்திருக்காது, உன் பாவாடை விளிம்பும் பிறந்திருக்காது. நடுக்கூடத்தில் நடுவிலேயே இடம் கொடுத்துவிட்டார். நூற்றுத்தொண்ணூறு வருஷத் தட்டுக்கும் நமக்கும் நடுவில் பத்தடி தூரம்தான். நேற்றெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை.

என் கடைப் பெயர் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டு வரியாகப் பெயர்ப் பலகை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன், மேல் வரி உன்னுடையது. திறப்பு நாளுக்குள் வராது போலிருக்கிறது, அச்சகத்தில் இழுத்தடிக்கிறார்கள். ஜூலை முதல் தேதி திறப்பு. யாரும் சிரிக்க மாட்டார்கள். வா.

அண்ணி


ஜூலை 1, சாயங்காலம்

அண்ணிக்கு,

இதை உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவி வைக்கிற இடம் மாறவில்லை. நீங்களும் அண்ணனும் காட்சிக்கூடத்திலிருந்து வருவதற்குள் எழுதி மேசைமேல் வைத்துவிட வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

வந்தேன். காலையிலேயே வந்துவிட்டேன். நீங்கள் வாசலில் யாரோ கேமராக்காரரிடம் ஹப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கும்படி நிற்கவில்லை. சும்மா ஒரு பார்வையாளர் மாதிரி வரிசையில் நின்றேன்.

நீண்ட வரிசை, அண்ணி. மற்றவற்றின் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம்முடையதன் முன்னால் யாராலும் நிற்க முடியவில்லை. குனிந்து கண்ணை வைத்தவுடன் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக, முதுகை வளைத்துக்கொண்டு, வட்டமாக. தூரத்திலிருந்து பார்த்தால் அவர்களே உருளைக்குள் இருக்கிற உருவங்கள் மாதிரி இருந்தார்கள். என் முறை வந்தது. நானும் நடந்தேன். நீங்கள் விழுந்து எழுந்து ஓடுவதை எட்டு தடவையும் பார்த்தேன். சக்கரம் ஒரு இழைகூட ஆடவில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண்மணி, அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர் போல, தோளில் பையோடு மூன்று சுற்று நடந்தார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்ததை அவர் காதிலேயே வாங்கவில்லை. நிமிர்ந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பெயர்ப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் நாலு பசைத் தடங்கள் மட்டும் இருந்தன.

"விழும்போது துணி பின்னாடி வருது பாருங்க" என்றார் என்னிடம். "எவ்வளவு கவனிச்சிருக்காங்க! யாரு செஞ்சதுன்னு பேரே போடலையே."

இருபது வருஷப் பழக்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தேன். கால் நகரவில்லை.

"நான்தான்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்னங்க?"

"நான்தாங்க செஞ்சேன். முப்பத்தாறும் நான் செஞ்சது. சக்கரம் எங்க அண்ணி செஞ்சது. ஓடறதும் எங்க அண்ணிதான்."

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. அந்தப் பெண்மணி என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. பின்னால் நின்றவர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்றவர் கேட்டார், அவருக்கும் சொன்னேன். பிறகு கேட்காதவர்களுக்கும் சொன்னேன். வரிசையின் கடைசிவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து நின்றேன்.

மேலாளரிடம் இன்னும் நாலு நாள் விடுப்பு கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அண்ணி. பெயர்ப் பலகை நாளைக்கே வந்துவிட்டாலும் உடனே ஒட்ட வேண்டாம். நாளைக்கும் நான் வரிசையில் நிற்கப்போகிறேன்.

உங்கள் நாத்தனார்